மொட்டைக்குப் பிறகு வாங்கிய காப்பீடு

ஜெர்மனியில் இருக்கும் என் மகளுக்குத் தலைப்பிரசவம். பக்கத்தில் இருக்க நான் போக வேண்டும். எனக்கோ மார்பில் தொடங்கி ஈரலுக்குப் பரவிய புற்றுநோய். கட்டிகள் சுருங்கியிருக்கின்றன, தாராளமாக விமானம் ஏறலாம் என்றார் டாக்டரம்மா. நான் சந்தோஷப்படுவதற்குள், முழுதாகப் போகாது, கட்டுக்குள்தான் வைத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த அறையைவிட்டு வெளியே வந்தபோது நான் நன்றாக இருக்கிறேனா இல்லையா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் குழப்பம் இல்லை. ‘சுருங்கியிருக்கு’ என்பது வரைக்கும்தான் அவர் காதில் விழுந்தது என்று நினைத்தேன். கட்டி குறைந்தால் மொட்டை போட்டு மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தவர், அடுத்த பௌர்ணமிக்கே அதை முடித்தார். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் கிரிவலக் கூட்டம் போகும். சந்தனம் பூசிய தலையோடு கூட்டத்தில் வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நடந்தார். மருந்தில் கொட்டிப்போன என் முடி அப்போதுதான் முளைத்திருந்தது. வீட்டில் ஒரு மொட்டை போய் இன்னொரு மொட்டை வந்தது.

நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டால் அந்த நோயைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இன்னும் இருக்கிறது என்று சொன்னால் சாமி செய்ததை இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இந்த வினை வந்தது. பயணக் காப்பீடு இல்லாமல் விசா கிடையாது என்றார்கள். இவர் தனியாகவே டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனார். ஏதாவது நோய் இருக்கிறதா என்று அங்கிருந்த தம்பி கேட்டதற்கு, இல்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பொய் சொன்ன முகமே இல்லை.

நான் சும்மா இருந்துவிட்டால், அங்கே ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்து விஷயம் தெரியவந்தால், எல்லாம் மகள் தலையில் விழும். வாயைத் திறந்தால் காப்பீடு போய், விசா போய், பேரக்குழந்தையைப் பார்ப்பதும் போய்விடலாம். இவருடைய மொட்டைக்கும் மரியாதை போய்விடும். சாப்பிடும்போதுகூட அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்கப் பார்க்க எது சரி என்பது இன்னும் குழம்பியது.

கடைசியில் ஒரு காலையில் டிராவல்ஸ் தம்பிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இவர் எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, எனக்குக் கேன்சர் இருக்குப்பா. இப்பவும் இருக்கு.”

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. இவர் தலை நிமிரவில்லை.

தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. நோயை மறைத்து எடுத்தது கால் உடைந்தால்கூட உதவாது, ரத்து செய்துவிடலாம் என்றான். உள்ளதைச் சொல்லியே வேறு ஒன்று எடுக்கலாமாம், விசாவுக்கும் அது செல்லுமாம். கால் உடைந்தால் உண்டு, பெட்டி தொலைந்தால் உண்டு, கேன்சரால் எது வந்தாலும் கிடையாது. ஆக, ஈரல் நீங்கலாக எனக்குக் காப்பீடு. காய்ச்சல் வந்தால் அது வெறும் காய்ச்சலா, கேன்சர் காய்ச்சலா என்று கேட்டேன். அங்கிருக்கும் டாக்டர் எழுதுவதைப் பொறுத்தது என்றான்.

அப்போது இவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, அங்கயே இவளுக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா, இங்க கொண்டாறதுக்கு அதுல வழி இருக்கா?”

அந்த நோயால் என்றால் இல்லை என்று தம்பி மெதுவாகச் சொன்னான்.

அப்படியானால் டாக்டரம்மா சொன்னது முழுக்க இவர் காதில் விழுந்திருக்கிறது. பிறகு எதற்கு அந்த மொட்டை, எதற்கு அந்தச் சிரிப்பு? எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

“யாரும் கொண்டார வேணாங்க. நானே வந்துடறேன்” என்றேன்.

அவர் மறுபடி உரிக்க ஆரம்பித்தார். தோலைப் பாத்திரத்திலும் பருப்பைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மாற்றிப் போட்டேன்.