சுவரோரம் மிஞ்சிய ஒரு சோடிச் செருப்பு

பர்மாவில் போட்டாதாங் கப்பல் துறையில் மூட்டை தூக்கிய தோளை மட்டும் வைத்துக்கொண்டு தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு தேநீர்க் கடை போட்டேன். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிற மனையில், இடித்த கட்டடத்துச் செங்கல்லைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கி, மாடி வீடு கட்டினேன். எங்கள் தெருச் சாக்கடைக்கு முதன்முதலில் சிமெண்டு மூடி போட்டவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், மூட்டை மேலிருந்த எழுத்தையும் கோயில் பலகை எழுத்தையும் பார்த்துப் பார்த்து எழுதப் படிக்கக் கற்றேன். எவனும் கை கொடுக்கவில்லை. இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரியது. பண்டிகையன்று பிள்ளைகளை வீடு வீடாகக் கூட்டிப்போய் ஒன்றுகூடக் குறையாமல் திருப்பிக் கொண்டுவருகிற வழியைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

மழை ஓய்கிற மாதத்துப் பௌர்ணமி பர்மியர்களுக்கு தடின்ஜுட், விளக்குப் பண்டிகை. அந்தி சாய்ந்ததும் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு பெரியவர்கள் வீட்டுக்குப் போய் மண்டியிட்டுக் கும்பிடுவார்கள். கடோ என்று பெயர். பெரியவர்கள் வாழ்த்திவிட்டுப் பலகாரம் கொடுப்பார்கள். சில வாரம் கழித்துத் தீபாவளிக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கள் முறுக்குக்கு வருவார்கள். யாருக்கு எந்தச் சாமி என்று எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்ததில்லை. எந்த வீட்டில் இனிப்பு அதிகம் என்றுதான் பார்த்தார்கள்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் இருந்த மாலையைவிட இல்லாத மாலை அதிகம். சாக்கடைகளுக்கு மூடி கிடையாது. வாலிபர்கள் வெடியைக் கொளுத்திக் காலடியில் வீசுவார்கள். பெரிய ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடந்தாலே பட்டாளத்தார் நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்கிற காலம் வேறு. அதனால் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குத் துணையாக இரண்டு பேர் போதும் என்று பேசி வைத்தோம். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர், நான் ஒருவன்.

கடையில் காலியான பால் டப்பாக்களில் ஓட்டை போட்டு, கம்பியில் பிடி வைத்து, உள்ளே மெழுகுவர்த்தியை நிறுத்திக் கொடுத்தேன். பாவாடையில் தீப்பிடிக்காது, மெழுகு கையில் சொட்டாது. வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க டப்பாவப் பார்த்துக்கிட்டு பின்னால வாங்க. எண்ணிக்கைய நான் பார்த்துக்கறேன், பட்டியல் எழுதி வச்சிருக்கேன்" என்றார்.

"பட்டியல் இருட்டுல தெரியுமா வாத்தியாரே?"

"இது மூட்டை எண்ணுற எடமில்ல அண்ணே."

"மூட்டையாவது வச்ச எடத்துல கெடக்கும்."

பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். வாத்தியாருக்கு முகம் சுண்டிவிட்டது.

துறையில் மூட்டையோடு ஓடுகிற ஆளை யாரும் எண்ண மாட்டார்கள். மூட்டைக்கு ஒரு குச்சி கையில் கொடுப்பார்கள். கிடங்கு வாசலில் குச்சியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். கடைசியில் குச்சியை எண்ணுவார்கள். பிள்ளைகளும் ஓடுகிற கூட்டம்தான். அவர்கள் வாசலில் விட்டுப் போவது என்ன? செருப்பு. ஆகவே ஒரு சட்டம் போட்டேன். எந்த வீட்டிலும் செருப்பை வாசல் சுவரோரம் வரிசையாக, சோடி பிரியாமல், முனை தெருவைப் பார்க்க விட வேண்டும். உள்ளே போகும்போது இருபத்திரண்டு சோடி இருக்கும், வெளியே வந்ததும் ஒன்றும் இருக்கக் கூடாது. இருட்டில் செருப்பு மாறி, தள்ளுமுள்ளாகி, யாரும் சாக்கடைப் பக்கம் சாயவும் மாட்டார்கள். வாத்தியார் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார், அவ்வளவுதான்.

ஆறாவது வீடு ஒரு பர்மியக் குமாஸ்தாவுடையது. கும்பிட்டு, பலகாரம் வாங்கி, பிள்ளைகள் தெருவில் வரிசை கட்டினார்கள். வாத்தியார் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இருபத்திரண்டு. சரியா இருக்கு, நடங்க."

நான் வாசலைப் பார்த்தேன். சுவரோரம் ஒரு சின்னச் சோடி மிஞ்சியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், இது இந்த வீட்டுப் பிள்ளையுடையது என்றுதான் நானும் முதலில் நினைத்து ஓரடி நடந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. முனை தெருவைப் பார்த்து இருந்தது. அப்படி விடச் சொன்னவன் நான், அப்படி விட்டவர்கள் என் பிள்ளைகள்.

"வாத்தியாரே, ஒண்ணு உள்ள இருக்கு."

"ரெண்டு தடவ எண்ணிட்டேன் அண்ணே. கணக்கு சரி."

"ஒங்க கணக்கு சரி. செருப்பும் சரி. அப்ப யாரோ ஒருத்தர் புதுசு."

டப்பாவைத் தூக்கி முகம் முகமாகப் பார்த்தேன். எல்லா முகத்திலும் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தது, இருட்டில் எல்லாம் ஒரே முகம். வால் பக்கம் நின்ற குமாஸ்தாவின் மகன் பல்லைக் காட்டினான். பலகார ஆசையில் வரிசையில் சேர்ந்துகொண்டவன்.

வாத்தியார் அப்போதுதான் தன் கடைசி மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. அந்த ஆள் நின்ற இடத்திலேயே நின்றார்.

நான் வீட்டுக்குள் புகுந்து பின்வாசலுக்கு ஓடினேன். பின்சந்தில் வாலிபர்கள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாணம் பார்க்கப் போன ஆறு வயதுப் பெண் சாக்கடை மேல் கிடந்த ஒற்றைப் பலகையில் வெறுங்காலோடு நின்றாள். பலகை ஈரம். இந்தப் பக்கமும் வெடி, அந்தப் பக்கமும் வெடி. பிள்ளை அழவில்லை, இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தாள். பலகையில் நான் கால் வைத்தால் அது புரண்டுவிடும். சாக்கடைக்குள்ளேயே இறங்கினேன். தொடை வரைக்கும் சேறு. இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன்.

"மாமா, பலகாரம் தீந்துபோச்சா?" என்றாள்.

"ஒனக்கு என் பங்கும் இருக்குடி தாயி."

வாத்தியார் மகளை வாங்கிக்கொண்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, எண்ணிக்கை எவ்வளவு முக்கியம்னு" என்றார். நாற்றத்தோடு நான் பின்னால் நடந்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டில் மட்டும் என் மனைவி, "எந்தச் சாக்கடையில வெழுந்தீங்க?" என்று கேட்டாள். "விழல, எறங்கினேன்" என்றேன்.

இன்று அந்த வாத்தியார் கோயில் கமிட்டியின் பெரிய ஆள். மண்டபத்தில் பண்டிகை விதிகள் என்று எழுதிக் கண்ணாடி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டாவது வரி டப்பா விளக்கு. நான்காவது வரி, செருப்பைச் சுவரோரம் முனை வெளியே பார்க்க விட்டு, கிளம்பும் முன் எண்ண வேண்டும். கீழே, 'கமிட்டியின் ஏற்பாடு' என்று இருக்கிறது. கமிட்டியா சேற்றில் இறங்கியது? அன்று நான் தூக்கிய அந்தப் பெண்ணே இன்று தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த விதிப்படிதான் போகிறாள். வாத்தியாருக்கு வெட்கம் என்றால் அவள் கதையை எழுத வேண்டாம், நானும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் விதி என்னுடையது. கமிட்டிக்காரர்களே, அடுத்த தடின்ஜுட்டுக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுங்கள். கமிட்டி என்கிற சொல்லை அடித்துவிட்டு, தேநீர்க் கடைக்காரர் கண்டுபிடித்தது என்று, நாலாவது வரி எழுத்தின் அளவிலேயே எழுதுங்கள்.