மிரளாத குதிரை

சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி பழக்கிய மனிதர் நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம். எதைக் கேட்டாலும் குதிரையின் கழுத்தைத் தடவிவிட்டுத்தான் பதில் சொல்வார். என் ஆறு வயது மகள் விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், அவள் காலைப் பிடித்தபடி நானும் கூடவே ஓடுவேன்.

ஒருநாள் கழுத்தைத் தடவிவிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்களக் கண்டா குதிர மிரளுது. அந்தத் தோணிக்கு அங்கால போய் இரிங்க."

போய் இருந்தேன். அன்றுதான் மகள் தானே கடிவாளம் பிடித்து, அலையோரம் தனியாகப் போய்த் திரும்பினாள். அவளை இறக்கப் போனபோது குதிரை என் தோளில் தலையைச் சாய்த்தது.

"இதா மிரளுற குதிர?"

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

மகள்தான் சொன்னாள்: "நான்தான் வாப்பா, உங்களக் கூட வர வேணாமெண்டு மாமாக்கிட்ட சொல்லச் சொன்ன. நீங்க ஓடி வாறதப் பாத்து எல்லாரும் சிரிக்காங்க."

கூசிப்போய் வீட்டுக்கு நடந்தேன். அந்தப் பொய்யை அவளுக்காகச் சொன்னாரா, எனக்காகவா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.