எதிர்வீட்டில் இருக்கும் பை

அம்மா இருபது வருஷம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரித்தாள். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. விரிப்பை இழுத்து, மூலையை மடித்து, தலையணையைத் தட்டி வைத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். அதில் உட்கார்ந்துகூடப் பார்க்கக் கூடாது. சிறுநீரகம் கெட்டுப்போய் வேலையை விட்ட பிறகு அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். வேறு யாராவது விரித்து வைத்த படுக்கையில் ஒரு ராத்திரி படுக்க வேண்டும். அதுவும் வெளிநாட்டில். பினாங்கில் என்றால் விரித்தவள் தெரிந்தவளாக இருப்பாள், பாவம் அவளுக்கு இடுப்பு வலிக்குமே என்று தூக்கம் வராது என்பாள்.

வெளிநாடு என்றால் எங்களுக்கு ஹட்யாய். காலையில் வேனில் ஏறினால் மத்தியானச் சாப்பாடு தாய்லாந்தில். எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் போகாத வீடு இல்லை, அம்மாவைத் தவிர. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவளுக்கு டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை முடித்துவிட்டால் திங்கள் வரைக்கும் இடைவெளி. சனிக்கிழமை போய் ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிட்டால் பயமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எந்தப் பரீட்சைக்கும் படிக்காத நான் இந்தப் பயணத்துக்குப் படித்தேன். வெளிநாட்டுக்குப் பத்திரமாகப் போய்வருவது எப்படி என்று கைப்பேசியில் வந்த வீடியோ எல்லாம் பார்த்தேன். பாஸ்போர்ட்டைப் படி எடுத்து ஒன்றைப் பையிலும் ஒன்றை எதிர்வீட்டிலும் கொடுத்து வைத்தேன். டாக்டரிடம் கடிதம் வாங்கினேன். தண்ணீர் போத்தலில் மார்க்கரால் கோடு போட்டேன். ஒரு நாள் முழுக்க அவள் குடிக்கலாம் என்று சொன்ன அளவு அந்தக் கோடு வரைக்கும்தான். சாப்பிடக் கூடாத பழங்களைப் படமாகக் காட்டினேன். டுரியான், மாம்பழம், இளநீர்.

"எல்லாத்தையும் வேணாங்கற. அப்ப ஹட்யாய் போயி உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றாள் அம்மா.

மாத்திரை விஷயத்தில் வீடியோக்கள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லின. பெட்டியிலிருந்து பிரிக்காதே, கைப்பையில் வை, நாள் கணக்குக்கு மேலேயே எடுத்துப் போ. நான் அந்த மாதத்துக்கு வாங்கிய மாத்திரையை மொத்தமாகப் பையில் வைத்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு பெட்டி மேலும் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு நிலா வரைந்தேன். பிரஷர் மாத்திரைக்கு மட்டும் ரெண்டு சூரியன், ஒரு நிலா.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா கேட்டாள், சனிக்கிழமை நாள் எப்படி என்று. சுவரில் இருந்த காலண்டரை நான்தான் பார்த்தேன். அஷ்டமி என்று போட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நல்ல நாள்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் படிக்கவா தெரியும்? ஆனால் நான் வாசித்தேன்.

அஷ்டமியில் கிளம்பக் கூடாது. சனிக்கிழமையை விட்டால் வேறு நாளும் கிடையாது. பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றாள் அம்மா. நாம் போகிற நாள் சரியில்லை என்றால் முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பையை மட்டும் வீட்டை விட்டு வெளியே அனுப்பி, வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் நாம் எந்த நாளில் போனாலும் தோஷம் இல்லை. ஆனால் அந்தப் பை திரும்பி வீட்டு வாசலுக்குள் வரக் கூடாது.

சனிக்கிழமை வரைக்கும் பழைய மாத்திரை போதும் என்று அம்மா சொல்ல, வியாழக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு லாத்தாவிடம் போனோம். லாத்தா வீட்டிலேயே மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைத்துக் கொடுப்பவர். அவர்கள் முஸ்லிம், அக்காவை லாத்தா என்பார்கள், இந்தப் பழக்கம் எல்லாம் கிடையாது.

"போறது நீங்க. அதுக்குள்ள பை கெளம்பிருச்சா? அதுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்று லாத்தா சிரித்தார்.

"நீங்க சிரிங்க லாத்தா. பைய மட்டும் தெறக்காம ஒரு ஓரமா வச்சிருங்க," என்றாள் அம்மா. லாத்தா தையல் மெஷினுக்கு அடியில் இடம் ஒதுக்கி, மேலே ஒரு சுத்தமான துணியும் போட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேன்காரர் கூப்பிட்டார். ரெண்டு குடும்பம் வரவில்லையாம், ஆள் பத்தாதாம், அடுத்த சனிக்கிழமைதான் வேன் என்றார்.

நான் உடனே காலண்டரைப் பார்த்தேன். அடுத்த வாரம் அஷ்டமி இல்லை. "பைய எடுத்துட்டு வந்துர்றேம்மா. இனிமே எதுக்கு அது அங்க?"

"வாசப்படி தாண்டுன பை தாண்டுனதுதான். திரும்பி வந்தா பயணம் தட்டிப் போவும். நீ சும்மா இரு."

"மாத்திர எல்லாம் அதுல இருக்கும்மா."

"பழசு இருக்கு லா, அலமாரில."

நான் நம்பினேன். நம்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டேன், பதில் வந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. ஃபேக்டரியில் காலை ஏழுக்கு ஏறினால் ராத்திரி ஏழுக்குத்தான் இறங்குவேன். அலமாரி என் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

அந்த வாரம் அம்மா சந்தோஷமாக இருந்தாள். பயணத்துக்கு வாங்கிய புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள். திங்கள்கிழமை டயாலிசிஸ் போன இடத்தில் பிரஷர் ரொம்ப ஏறியிருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டிருக்கிறார். சாப்பிடுகிறேன், இது ஊருக்குப் போகிற சந்தோஷம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மிஸ்ஸி இதை என்னிடம் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

புதன்கிழமை காலையில் டயாலிசிஸுக்குக் கிளம்பி, கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சப்பாத்தைப் போடும்போது விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு லாத்தாதான் ஓடி வந்தார். எனக்கு ஃபோன் வந்தபோது நான் ஃபேக்டரி லைனில் நின்றுகொண்டிருந்தேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று ஒரு டாக்டர் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை, அம்மாவைக் கீழே ஃபிளாட் மண்டபத்தில் கிடத்தியிருந்தோம். கைப்பேசி அடித்தது. "தங்கச்சி, கீழ நிக்கறேன். எறங்கி வாங்க," என்றார் வேன்காரர். அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவரும் மண்டபத்தைப் பார்த்துவிட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, அம்மாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். வேனில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அலமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு நடுவில் பழைய மாத்திரை அட்டைகள் இருந்தன. எல்லாம் காலி. குப்பையில் போட்டிருந்தால் நான் பார்த்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, நாலாக மடித்து வைத்திருந்தாள்.

இதை லாத்தாவிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் தைப்பதை நிறுத்தவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

"நானும் கேட்டேன் பிள்ள. உள்ள மாத்திர இருக்குன்னீங்களே, எடுத்துத் தரட்டுமான்னு. 'தெறக்காதீங்க லாத்தா, கொஞ்ச நாள்தானே, ஹட்யாய் போயி சாப்பிட்டுக்கறேன்'னாங்க. உன்கிட்ட சொல்லவேணாம்னாங்க."

"ஏன் லாத்தா சொல்லல?"

 அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வந்திருந்தால் கொஞ்சம் பாரத்தை அவரிடம் கொடுத்திருக்கலாம். வரவில்லை. சூரியனும் நிலாவும் வரைந்தது நான். வாங்கியதில் ஒரு அட்டைகூட வீட்டில் மிச்சம் வைக்காமல் பத்திரம் பத்திரம் என்று பையில் அடைத்தது நான். காலண்டரை வாசித்ததும் நான்தான்.

சாப்பிடாத மாத்திரையை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதற்காகப் போன வாரம் பையை எடுக்கப் போனேன். லாத்தா துணியை விலக்கிக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து திறந்தேன். கடிதம், போத்தல், ரெண்டு பாஸ்போர்ட், அம்மாவின் பூப்போட்ட நைட்டி. ஹோட்டலில் போட்டுக்கொள்ள என்று புதிதாக வாங்கியது, விலை அட்டைகூடப் பிய்க்கவில்லை. மாத்திரைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கெட்டுப்போக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது.

ஜிப்பை மூடிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். லாத்தா வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே நாலு எட்டு. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அம்மாவின் கட்டில் தெரிந்தது. அவள் விழுந்த அன்று கசங்கிய விரிப்பு அப்படியே கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை.

நடைபாதையில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. லிஃப்டிலிருந்து யாரோ வந்து என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"என்ன பிள்ள?" என்றார் லாத்தா.

"உள்ள கொண்டு போனா பயணம் தட்டிப் போவும் லாத்தா."

அவர் வெளியே வந்தார். என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு போய்த் தையல் மெஷினுக்கு அடியில் வைத்தார். துணியைப் போட்டு மூடினார்.