குண்டு மட்டும் விழுந்த படம்

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட தாம்பரத்துப் பள்ளி மைதானத்தில், செம்மண் புழுதிக்கும் மைக் இரைச்சலுக்கும் நடுவே, அப்பாவின் கேமராவோடு பதினோராம் வகுப்பு மேதையாக நான் அலைந்தது நினைவுக்கு வந்தது.

குண்டு எறிவதை அந்தக் காலத்தில் யாரும் எறியும்போது படம் எடுப்பதில்லை. போட்டி முடிந்தபின், ஜெயித்தவரைக் குண்டும் கழுத்துமாகச் சிலைபோல் நிறுத்தி எடுப்பதே வழக்கம். நூலகத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டியிருந்த எனக்கு அது கலைக்கு இழுக்கு.

அன்று குண்டு எறிவதில் முதல் பரிசு வாங்கியவள் ஒன்பதாம் வகுப்பு ஸ்டெல்லா. கோவளத்துப் பெண், அம்மாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வியாபாரம்.

"ஒரு போட்டோ புடிங்கண்ணா. அம்மாவால கடைய வுட்டு வர முடியாது, நான் எறியறத அவங்க பாத்ததேயில்ல. இப்டி நிக்கட்டுமா?"

"நிக்காத, எறி" என்றேன். ஃபிலிமில் மிச்சமிருந்தது ஒரே படம்.

கழுவி வந்தபோது குண்டு அந்தரத்தில் அற்புதமாக நின்றது. ஓரத்தில் ஒரு முழங்கை.

"குண்டு நல்லா வுழுந்துகீது. நான் எங்கண்ணா?"

"ஆக்‌ஷன் போட்டோன்னா அப்படித்தான்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மீன் வாங்கப் போனவன், மார்க்கெட் தூணுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். ஸ்டெல்லா படத்தின் ஓரத்தில் விரல் வைத்து, "இதாம்மா நானு" என்றாள். அவள் அம்மா ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த முழங்கையைத் தடவிக் கொடுத்தாள்.