அம்மாவின் அறைக் கமரா

அம்மா இறந்த பத்தொன்பதாம் நாள் காலை பத்தேகாலுக்கு, எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குப் புதிய இணைய இணைப்புப் பூட்ட ஆள் வந்தார். நான்கு மாதங்களுக்கு முன் கொடுத்த விண்ணப்பம் அது. கனடாவில் இருக்கும் தங்கச்சி வீடியோவில் கதைக்கும்போது படம் அடிக்கடி உறைந்துபோகும். வாய் திறந்தபடியே அவள் நிற்க, "என்ன பிள்ளை, கொட்டாவி விடுறியோ?" என்று அம்மா கேட்பா. அம்மாவுக்காகத்தான் வேகமான இணைப்புக் கேட்டிருந்தேன். இப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தொடங்கிய ஒரு வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

வந்தவருக்கு என் வயதிருக்கும். சுவரில் புதிய ரவுட்டரைப் பொருத்திவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "மஹத்தயா, வைஃபைக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே வைக்கவா? அப்படி வைத்தால் வீட்டிலுள்ள ஒரு சாமானையும் தொடத் தேவையில்லை. தாங்களாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்."

வேண்டாம், எல்லாம் புதிதாகவே இருக்கட்டும் என்றேன். பழைய பாஸ்வேர்ட் அம்மாவின் நட்சத்திரமும் பிறந்த வருடமும். தங்கச்சி வைத்தது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் கதிரையில் உட்காரும் முன்பே வைஃபை கேட்பார்கள். அம்மா கட்டிலில் படுத்தபடியே சொல்லிக்கொடுப்பா. "என்ர வயசு இப்ப முழு வெள்ளவத்தைக்கும் தெரியும்" என்று சலித்துக்கொள்வா. ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்ட் பாதுகாப்பில்லை என்பதுதான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். பதினான்கு எழுத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கி டயரியில் எழுதினேன்.

அன்று பின்னேரம் ஒவ்வொரு சாமானாக இணைத்தேன். முறை ஒன்றுதான். செட்டிங்ஸில் வைஃபையைத் திறந்து, பழைய பெயரை மறந்துவிடும்படி அழுத்தி, புதிய பெயரைத் தெரிவுசெய்து, பாஸ்வேர்டைப் பெரிய எழுத்துச் சிறிய எழுத்துப் பிசகாமல் அடிக்கவேண்டும். கைபேசிக்கு ஒரு நிமிடம். மடிக்கணினிக்கும் அவ்வளவுதான். பிரிண்டரின் சின்னத் திரையில் எழுத்துகளைத் தேட எட்டு நிமிடம் சென்றது. டீவிக்கு ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து போகவேண்டியிருந்தது. மூன்றாம் முறைதான் சரிவந்தது. டயரியில் நான்குக்கும் நேரே சரி போட்டேன்.

ஐந்தாவதாக அம்மாவின் அறைக் கமரா இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், கனடாவுக்குப் போகிற கிழமை, தங்கச்சி புறக்கோட்டையில் வாங்கிவந்து அலுமாரிக்கு மேல் வைத்தது. கைபேசியில் விரலால் தள்ளினால் அது அங்கிருந்தே தலையைத் திருப்பும். இப்போது அதன் சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. ஆளில்லாத அறைக்கு என்னத்துக்குக் கமரா என்று அதற்கு நேரே ஒரு கோடு போட்டேன்.

மறுநாள் காலை கட்டிலும் போனது. அது எங்கள் ஊர்ச் சங்கம் நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில். கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மாவுக்குத் தேவை என்று கேட்டிருந்தார்கள். அதன் நான்கு சில்லும் அழுத்திய அடையாளம் தரையில் இருந்தது. துடைத்தேன், முழுதும் போகவில்லை. தலைமாட்டுப் பக்கம் ஒரு ஸ்டூலில் அம்மாவின் படமும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை அணையாமல் எரியவேண்டிய விளக்கும் மட்டும் மிஞ்சின.

இருபத்தோராம் நாள் மாலை ஆறு மணிக்குத் தங்கச்சி வீடியோ கோல் எடுத்தாள். அவளுக்கு அங்கே காலை எட்டரை.

"அண்ணா, கமரா ரெண்டு நாளா வேலை செய்யேல்லை. கரண்ட் இல்லையோ?"

"கரண்ட் இருக்கு. புது லைன் வந்தது. நான்தான் அதைக் கனெக்ட் பண்ணேல்லை. ஆரும் இல்லாத அறைதானே."

திரையில் அவள் அசையாமல் இருந்தாள். படம்தான் உறைந்துவிட்டதென்று நினைத்தேன்.

"விளக்கு இருக்கெல்லோ" என்றாள்.

அதன்பிறகுதான் சொன்னாள். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து அந்த அறையைப் பார்த்திருக்கிறாள். மாலையில் நான் எண்ணெய் விடும் நேரம் அவளுக்குக் காலை. நான் கும்பிடும்போது அவளும் அங்கே கும்பிட்டிருக்கிறாள்.

"நீ பாக்கிறாய் எண்டு எனக்குத் தெரியாதே."

"சொல்லியிருந்தா அந்த ஓட்டைப் பெனியனோட வந்து நிண்டிருக்கமாட்டியள்." சிரிக்கத் தொடங்கினாள்; முடிக்கவில்லை. "செத்தவீட்டுக்கும் வரேல்லை. அந்தியேட்டிக்கும் வர ஏலாது. எனக்கு அந்த விளக்கு மட்டும்தான் அண்ணா."

அவளுடைய விசா அலுவல் முடியவில்லை. நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே போகமுடியாது. பொரளைக் கனத்தை மயானத்தில் நான் கொள்ளி வைத்தபோது யாரோ தூக்கிப்பிடித்த கைபேசியில்தான் பார்த்தாள். அதுவும் நடுவில் உறைந்தது.

கமராவின் பின்னாலிருந்த சிறு துளையில் ஊசியால் குத்திப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்டேன். "ஐயோ, குத்திப் போடாதேங்கோ! அது என்ர ஃபோனில பதிஞ்சது. திரும்பச் சேர்க்கிறதெண்டா நான் அந்த அறையில நிக்கவேணும்" என்றாள்.

பூட்ட வந்தவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மற்ற நான்கையும் பழைய பெயரை மறக்கச் செய்தது நான். கமராவை மட்டும் தொடவில்லை. அதற்கு இன்னும் அந்தப் பெயர்தான் தெரியும்.

கோலை வெட்டாமல், முந்திய வருட டயரியை எடுத்துப் பழைய பெயரைப் பார்த்தேன். மடிக்கணினியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, என் புதிய பெயரை அழித்து, அதை எழுதினேன். பிறகு அம்மாவின் நட்சத்திரம், முதல் எழுத்துப் பெரிது. பிறகு அம்மா பிறந்த வருடம். சேமித்ததும் நான் ஒழுங்காக இணைத்த நான்கும் ஒன்றாக விடுபட்டன; கோல் மட்டும் கைபேசியின் டேட்டாவில் தொடர்ந்தது.

அம்மாவின் அறைக்குப் போய் நின்றேன். சிவப்பு வெளிச்சம் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு எரிந்து, நீலமாக மாறி நின்றது. கையிலிருந்த கைபேசியில் அவள் மூச்சு கேட்டது.

கமரா மெல்லிய இரைச்சலோடு தலையைத் திருப்பியது. யன்னல் பக்கம் போய், திரும்பி வந்து, தரையைப் பார்த்து நின்றது. சில்லுகளின் அடையாளம் இருந்த இடம்.

"கட்டில்?"

"நேற்று குடுத்திட்டன். கொட்டாஞ்சேனையில ஒரு அம்மாவுக்கு அவசரமெண்டு..." சொல்லச் சொல்ல, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும் என்று பட்டது. அவளுக்கு அந்த அறை என்றால் அந்தக் கட்டில்தான். நான் கழற்றும்போது பார்க்கக்கூட முடியாமல் கமராவையும் இணைக்காமல் விட்டிருந்தேன்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

கமரா அதே இடத்தில் நெடுநேரம் நின்றது. பிறகு மெதுவாக விளக்கின் பக்கம் திரும்பியது.

"எண்ணெய் குறைஞ்சு போச்சு, அண்ணா."

நான் போத்தலை எடுத்து ஊற்றினேன். திரியைத் தூண்டிவிட்டேன்.

"கொஞ்சம் விலகி நில்லுங்கோ. உங்கட முதுகு மறைக்குது."

விலகி, சுவரோரமாக நின்றேன். அவள் வேலைக்குப் போகும் நேரம் வரை அப்படியே நின்றோம்.