ஆர்மீனிய எழுத்தின் மேல் இருந்தவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புலம்பெயர்ந்து வந்து, மல்வேர்னில் ஒரு வாடகைக் கராஜில் கல் வெட்டுகிற ஒரேயொரு மெசினோடு தொடங்கினேன். இன்று மில்லிக்கனில் சொந்தமாகக் கல்வெட்டுக் கடை, இரண்டு லொறி, அஜக்ஸில் வீடு. எல்லாம் இந்தக் கைகள் கட்டியவை.

போன வருடம் அனாஹித் என்ற ஆர்மீனிய ஆசிரியை கடைக்கு வந்தார். தங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் நிறுத்த, ஆர்மீனிய எழுத்துக்கு ஒன்றாக முப்பத்தெட்டுக் கல் வேண்டுமாம். முதல் எழுத்தை வெட்டிக் காட்டினால், பிடித்தால் மிச்சமும் எனக்குத்தான் என்றார். அவ்வளவு பெரிய ஓடர் எனக்கு அதுவரை வந்ததில்லை.

அவர் பார்க்க வந்த மத்தியானம், வெட்டி முடித்த அந்தக் கல்லின் மேலேயே இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, எழும்புங்கோ. அந்த ஆர்மீனிய மனிசி அழப்போகுது,” என்றான் என் வேலையாள் செல்வம்.

“கடவுளின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கும்,” என்றார் அவர் ஆங்கிலத்தில். “நாடு இல்லாத காலத்திலும் எங்களை ஒன்றாக வைத்திருந்தவை இந்த எழுத்துகள்தான்.”

துள்ளி எழும்பினேன். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள் நாங்கள். ஓடரை மறந்து, கையைக் கழுவி வந்து, அந்த எழுத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றினேன். அவர் குனிந்து அதே இடத்தில் முத்தமிட்டார்.

“மிச்சமும் நீங்களே வெட்டுங்கள்.”

வெட்டினேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்கு எழுத்து இவ்வளவு சந்தோசம் தந்ததில்லை. அவற்றை வாசிக்கத் தெரியாவிட்டாலும், முப்பத்தெட்டின் வளைவும் என் விரலுக்குத் தெரியும்.

முற்றத்துப் பலகையில் உதவியவர்களின் பெயரெல்லாம் இருக்கிறது, வெட்டியவனுடையது இல்லை. அதையும் போடவேண்டும். கல் நானே தருகிறேன்.