முன்னால் இரண்டு புது டயர்

கோயம்புத்தூரில் படித்துவிட்டு மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்து, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டவன் நான். பிளேன் மாக்னியனில், விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் தலைமை மெக்கானிக். எண்பதுகளின் கடைசி. ஸ்வெட்டர் ஆலைகள் வரிசையாகத் திறந்துகொண்டிருந்தன. வசதி வந்தவர்கள் ஜப்பானிலிருந்து பழைய கார்களை இறக்கினார்கள். ஓர் ஆலை முதலாளி இறக்கியது நான்கு சக்கரமும் இழுக்கும் டர்போ ஸ்போர்ட்ஸ் கார். அவருக்கு அது பெருமைக்கு. ஓட்டியது என் மனைவியின் அண்ணன்.

எங்களுக்குள் பேச்சு கிரியோலில்தான். ‘மச்சான்’ மட்டும் தமிழ். வண்டி வந்த அன்றே கேட்டார். "லாப்லியில இது பிடிக்குமா, மச்சான்?" மழையைத்தான் கேட்கிறார். கியூர்பிப் மேட்டிலிருந்து விமான நிலையத்துக்கு இறங்கும் சாலையில் மழை இல்லாத வாரம் அபூர்வம்.

வாயால் பதில் சொல்லியிருக்கலாம். நான் அவரை உட்காரவைத்து ஈரச் சாலைக்குக் கூட்டிப்போய், வளைவின் நடுவிலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காட்டினேன். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியென்றால் வாலைச் சுழற்றிக்கொண்டு கரும்புக்குள் போயிருக்கும். இது சாலையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. "காத் லாரூ, நாலு சக்கரம்" என்றேன், நான்கையும் நானே செய்தவன் மாதிரி. மச்சான் சிரித்தார்.

சொன்னது பாதிதான். நான்கு சக்கரமும் இழுப்பது வேகம் எடுக்க உதவும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் எல்லா வண்டிக்கும் இருக்கிற அதே உள்ளங்கை அகல ரப்பர்தான் இதற்கும். பிடி இருக்கும் வரை வண்டி நல்ல பிள்ளையாக இருக்கும். விட்டுப்போனால் ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு நேராகப் போகும். இதை அன்று நான் சொல்லவில்லை. வித்தை காட்டுகிறவன் எங்கே பாடம் நடத்துவான்?

சில மாதம் கழித்து முன்டயர் இரண்டும் வழவழவென்று தேய்ந்து வந்தன. தீவு முழுக்க எல்லாப் பட்டறையிலும் ஒரே வழக்கம்: புதிது இரண்டு வாங்கு, முன்னால் போடு, பின்னால் இருப்பது இன்னும் ஓடும். நானும் போட்டேன். இந்த வண்டிக்கு அது ஆகாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் கெட்டி எண்ணெய் நிரப்பிய ஓர் இணைப்பு உண்டு. வளைவில் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற அதுதான் இடம் கொடுக்கும். புது டயர் பெரிது, தேய்ந்தது சிறிது. நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேக வித்தியாசம் இருந்தால் அது சூடேறிச் சூடேறி ஒரு நாள் இறுகிவிடும். இறுகினால் வண்டி திரும்ப மறுக்கும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்ததல்ல, அப்போதே தெரியும்.

ஒரு மாதம் கழித்து வண்டி சர்வீஸுக்கு வந்தது. பட்டறை முற்றத்தில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பியபோது டயர்கள் சிமெண்டில் கீச்சிட்டன, வண்டி விக்கி விக்கி நகர்ந்தது. இணைப்பு இறுகத் தொடங்கிவிட்டது என்று புரிந்தது. ஆனால் அன்று காவடி விரதத்துக்குக் கொடியேற்றம். பட்டறையில் பாதிப் பேர் தமிழர்கள். நாலு மணிக்கே கை கழுவிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். பத்து நாள் விரதம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சாவியை மச்சானிடம் கொடுத்தேன். அவரும் அந்த வருஷம் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார்.

எட்டாம் நாள் காலை, முதலாளியை விமானம் ஏற்றிவிட வரும் வழியில், மழையில், கரும்புக்காட்டு வளைவொன்றில் வண்டி திரும்பாமல் நேராகப் போனது. அங்கே ஆலை வேனுக்காக ஒரு பெண் நின்றிருந்தாள். பத்தொன்பது வயது. ஸ்வெட்டருக்குப் பொத்தான் தைக்கிறவள். முதலாளிக்குக் கை முறிந்தது. மச்சானுக்கு நெற்றியில் ஒரு கீறல். அவள் அங்கேயே இறந்துபோனாள்.

வண்டியைப் பரிசோதித்தவர்கள் பிரேக் பார்த்தார்கள், ஸ்டீரிங் பார்த்தார்கள், விளக்குப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. நடுவில் இருந்த இணைப்பைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நீதிமன்றத்தில் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்கள், வண்டியில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று. இந்த நாட்டில் வேலை செய்ய எனக்கிருந்த அனுமதி பட்டறையின் பெயரில் இருந்தது. மனைவிக்கு ஆறு மாதம். இவற்றையெல்லாம் சாக்காகச் சொல்லலாம். பயந்தேன், அவ்வளவுதான். இல்லை என்று சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மச்சான் கூண்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியாதது எதுவும் இருக்காது என்கிற நம்பிக்கையோடு. அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. லைசென்ஸும் போனது.

வேகமும் இருந்திருக்கும். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த வேகத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

சிறையிலிருந்து வெளியே வந்த வாரம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டை தோளில் தொங்கியது. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டார், தங்கையிடம் இரண்டு வார்த்தை பேசினார். அவள் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனதும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தீர் ம்வா லவெரித்தே, மச்சான். உண்மையைச் சொல்லு. நான் திருப்பினேன். ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலையும் எடுத்தேன். வண்டி வரல. தினமும் படுத்தா அதுதான் வருது. வண்டி வரலையா, இல்ல நான்தான் திருப்பலையா?"

அங்கே நீதிபதி இல்லை, முதலாளி இல்லை. சொன்னால் மீண்டும் வழக்கு வரும் என்றுகூட இல்லை. அவர் யாரிடமும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது தூக்கம்.

"வேகம் கொஞ்சம் அதிகம், மச்சான்," என்றேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நான்தான்," என்றார். தேநீரைக் குடித்து முடித்தார். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்று சொல்லி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.